வெயிலில் பூத்த மண்

மண் எடுத்துப் போக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆட்கள் வந்தது கார்த்திகையில். அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது, தெருவெல்லாம் சொதசொத. எங்கள் தெருவுக்குப் பின்னால் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி. பொம்மைக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கழிவை மதில் ஓரமாகக் கொட்டுகிறார்கள், அது எங்கள் கொல்லையில் இறங்குகிறது என்று மனு மேல் மனு கொடுத்திருந்தோம். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, தூறலுக்குக் குடை பிடித்தபடி, தங்கதுரை வீட்டுக் கொல்லையில் ரெண்டு பை மண் எடுத்தார்கள். தை பிறந்ததும் பதில் வந்தது: மண்ணில் கோளாறு இல்லை. எங்களுக்கும் நிம்மதிதான். பயந்து பயந்து யார் காலம் தள்ளுவது?

வெயிலில் இதே மண் எப்படி இருக்கும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

தங்கதுரையின் மனைவி பூர்ணிமா அப்போது முழுகாமல் இருந்தாள். வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தங்கிய கரு. மாமியார் செல்வநாயகி அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. பங்குனியில் அவளுக்கு மண் தின்கிற ஆசை வந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. சாம்பல் தின்றவளும் சுவரைச் சுரண்டித் தின்றவளும் பிள்ளை பெற்றுத்தான் இருக்கிறார்கள். கொல்லையில் அப்போது உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு பொருக்கு எழும்பியிருந்தது. பூர்ணிமா அதைத்தான் கிள்ளி வாயில் போட்டாள்.

"லேசா இனிப்பா இருக்குது அத்தை" என்றாள்.

தங்கதுரை மட்டும் முகம் சுளித்தான். "கம்பெனி ஓரத்து மண்ணும்மா. வேணாம்."

"டெஸ்டு பண்ணி நல்ல மண்ணுன்னு சொல்லிட்டாங்க இல்ல? மாசமா இருக்கறவ ஆசைப்பட்டத குடுக்கலன்னா புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்டா" என்று செல்வநாயகி அவன் வாயை அடைத்தாள். பேரப்பிள்ளையின் காதைக் காப்பாற்ற, அவளே டம்ளரில் சுரண்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவளை எப்படித் திட்டுவது? என் வாயில் வருவதெல்லாம் குடை பிடித்து வந்தவர்களுக்குத்தான்.

ஆனியில் பூர்ணிமாவுக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடித்து வலி. முகம் வெளுத்துப் போயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஈயம்.

"அந்த கிளேஸ் கழிவுல ஈயம் இருக்கும். மழை பெஞ்சா கரைஞ்சு அடியில போயிடும். வெயில் காய்ஞ்சா ஈரத்தோட மேல ஏறி வந்து பொருக்கா நிக்கும். இனிமே தொடாதீங்கம்மா. ஒடம்புல ஏறுனது தாய்ப்பால்லகூட எறங்கும்" என்றார், மண் தின்ற கதையைக் கேட்ட டாக்டரம்மா.

அன்றோடு நிறுத்தினாள். ஆடியில், எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. செல்வநாயகி ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுததை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் பூர்ணிமாவுக்குப் பால் கட்டியது. நெஞ்சு கல்லாகி நெருப்பாகக் கொதித்தது. பக்கத்துக் கட்டிலில் பெண்ணாடத்துப் பெண்ணொருத்தி. பிள்ளை பிறந்தும் பால் சுரக்கவில்லை. குழந்தை வீல் வீலென்று கத்தியது. செல்வநாயகி கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில், அந்தப் பெண்ணின் அம்மா ஆராயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூர்ணிமாவிடம் வந்தாள்.

"வீணாத்தான போவுது கண்ணு. ஒரு வாய் குடு. ஒனக்குப் புண்ணியமா போவும்."

"மாட்டேன்."

"பச்ச மண்ணும்மா இது. பசியில கத்துது பாரு."

"கிட்ட கொண்டாராதீங்க! எடுத்துகிட்டுப் போங்க!"

காரணம் சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆராயி அதற்குள் திரும்பிவிட்டாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி, "இப்பிடி ஒரு நெஞ்சு இருந்தா ஆண்டவன் எப்பிடிப் புள்ளயத் தங்க வப்பான்?" என்றாள்.

பூர்ணிமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். அந்தக் குழந்தை அழ அழ, பால் அவள் சேலையை நனைத்துக்கொண்டே இருந்தது.