சுண்ணாம்பு பட்ட சளி

திங்கட்கிழமை கிறிஸ்துராஜைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் அடியில் நிழல். நாற்பது ஊசி போட்டும் இருமல் நிற்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் அங்கே தனியாக இருக்க வேண்டும். தாய் தங்கக் கூடாதாம்.

சனிக்கிழமை காலை, அவன் சளி துடைத்த துணிகளை அவன் தாய் அன்னாள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கினாள். மஞ்சள் கறை அவள் விரல்களுக்கிடையே சிவந்தது.

பக்கத்து வீட்டுக் குப்பாயி குடத்தை நழுவ விட்டாள். "ஐயோ சாமி, ரத்தமாடி?"

அன்னாளின் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: கொண்டு போகட்டும், இந்த இருமலைக் கேட்காமல் ஒரு நாள் தூங்கிக்கொள்கிறேன். தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பதைக் கண்டு அவள் கூசிப்போனாள்.

"ஆலம் கரைச்சுச் சுத்திப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்! வேதக்காரிக்குப் பிகு."

ஆலம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும். சோப்பு பட்டாலும்தான்.

துவைக்காத துணியை எடுத்து முகர்ந்தாள். புளித்த பால்; கூடவே மிளகு. இருமலுக்கென்று தினமும் படுக்கும்முன் அவளே புகட்டும் மஞ்சள் பால்.

கொஞ்ச நேரத்தில், பிள்ளையும் துணியுமாய்ச் செவ்வாய்ப்பேட்டை டாக்டரம்மாவின் முன் நின்றாள்.

"சளின்னா மஞ்சளாத்தான் இருக்கும், அன்னாள்."

"சோப்புல சிவக்குமாங்க? ராத்திரி நான் புகட்டுற மஞ்சள் பால் வாடையும் அடிக்குது."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "குடிக்கும்போது இருமுவானா?"

"இல்லீங்க. படுத்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

"வயித்துலேருந்து பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குதோ என்னவோ. ஆனா துணியில இருக்கிறது தொண்டையிலேருந்தும் வந்திருக்கலாம். மூச்சுக்குழாய்க்குள்ளேயிருந்து எடுத்தாத்தான் தெரியும்." ஒரு கணம் தயங்கினார். "இங்கேயே அந்தப் பாலைக் குடு. படுக்க வெச்சுப் பார்ப்போம்."

கம்பவுண்டர் சென்னிமலை மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சி வந்தார். டம்ளரை வாங்கிய அன்னாளின் கை மேலே எழவில்லை. நேற்றுவரை இது மருந்து. இன்று தெரிந்தே புகட்ட வேண்டும்.

"குடு, மேரி மாதா பார்த்துக்குவா," என்றார் சென்னிமலை, நெற்றி நிறையத் திருநீற்றோடு.

பிள்ளை பாதி டம்ளர் குடித்தான். மல்லாக்கப் படுத்தான். சுவர்க்கடிகாரம் ஓடியது. நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை. இருமாமல் இருந்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. இருமினால் தன் கையால் வந்த வினை. எதை வேண்டுவதென்று தெரியாமல் அவள் ஜெபமாலையை வெறுமனே பிடித்திருந்தாள்.

இருமினான். உதடு நீலமானது. அன்னாள் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா விளக்குக் கருவியால் தொண்டையை விலக்கி, மெல்லிய ரப்பர் குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி உறிஞ்சினார். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுச் சளி. வெளிறிய மஞ்சள்.

சென்னிமலை தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து குச்சி நுனியில் சுண்ணாம்பு எடுத்துத் தொட்டார்.

சிவந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "மஞ்சள் பால்தான் உள்ளே இறங்கியிருக்கு. திங்கட்கிழமை போக வேண்டாம். அந்த நிழலும் இந்தப் பாலாத்தான் இருக்கணும். அடுத்த மாசம் படம் எடுத்துப் பார்த்துக்கலாம். கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல் வை. சாயங்காலம் விளக்கு வெச்சப்புறம் ஒண்ணும் குடுக்காதே."

அன்னாள் தலையாட்டினாள். தன் கைதான் செய்தது என்பது சுட்டது. இந்தக் கையாலேயே நிறுத்தவும் முடியும் என்பதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

பிள்ளை கண் திறந்தான். "அம்மா, மீதிப் பால்?"

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அவனை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.