ஆடாத படகின் வீடு

புதுப் படகு கடலில் இறங்கிய அன்று காலை ஏழு மணிக்கு, துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது தெருவில் இருந்த தையல்காரியின் வீடு ஆடத் தொடங்கியது. படகு ஆடவில்லை. இருபத்தாறு அடி நீளம், பின்னால் நூற்றைம்பது குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின், நானூறு லிட்டர் பெட்ரோல் டேங்க். அலையைக் கிழித்துக்கொண்டு போகும் என்று விற்றவர்கள் சொன்னது உண்மைதான். அலை இருப்பதே தெரியாது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. தையல்காரியின் கணவர் பத்தொன்பது வருடம் ஒற்றை எஞ்சின் படகில் பன்னிரண்டு மைலுக்குள்ளேயே மீன் பிடித்தவர். ஒவ்வொரு அலைக்கும் ஓர் அடி என்று வாங்கி வாங்கி, உட்காரும்போது ஒரு சத்தமும் எழும்போது ஒரு சத்தமும் போடும் முதுகு அவருக்கு. அன்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவர் வைத்த டீ டம்ளர், ஐம்பத்தைந்து மைல் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அதே நேரத்தில் வீட்டில் தையல் மெஷின் தானாகச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நூல்கண்டுகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. தையல்காரி பஸ்ஸில் நாலு நிறுத்தம் போனாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பவள்; கல்யாணமான நாளிலிருந்து கணவரின் படகில் ஒரு கால்கூட வைத்ததில்லை. நிலநடுக்கம் என்று நினைத்துத் தெருவுக்கு ஓடினாள். தெரு அசையாமல் இருந்தது. எதிர்வீட்டுக்காரி நிதானமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரி ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் மறு காலை வெளியேயும் வைத்து நின்று பார்த்தாள். உள்ளே இருந்த கால் ஏறி இறங்கியது, வெளியே இருந்த கால் சும்மா இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், பயத்தால் அல்ல. ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளாமல் நகர மனம் வரவில்லை.

சாயங்காலம் கணவர் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது வீடு எல்லா வீடுகளையும் போல இருந்தது.

"வீடு ஆடுதுங்க."

"எப்ப?"

"நீங்க கடல்ல இருக்கும்போது."

"இப்ப ஆடலையே."

"இப்பதான் நீங்க வீட்ல இருக்கீங்களே."

அவர் சிரித்தார். "நாள் முழுக்கக் குனிஞ்சு தைக்கிறே, தலை சுத்தாம என்ன செய்யும்? கண்ணாடியை மாத்து" என்றார். அவள் கண்ணாடியை மாற்றினாள். வீடு ஆடுவதை நிறுத்தவில்லை.

முதல் மூன்று மாதம் வாளியும் கையுமாகக் கழிந்தது. பிறகு வயிறு பழகிவிட்டது. மெஷினின் நாலு கால்களையும் தரையோடு ஆணி வைத்து இறுக்கினாள். பாத்திர அலமாரிக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். வீடு ஏறும்போது துணியைத் தள்ளி, இறங்கும்போது மிதியை நிறுத்தி, கோடு போட்டது போல நேராகத் தைக்கப் பழகினாள். அளவு கொடுக்க வருகிறவர்களை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தி அளவெடுத்தாள். படகுக்குப் பின்னாலிருந்து அலை வந்தால் வீடு முதலில் சமையலறைப் பக்கம் உயர்ந்தது. எதிர்த்து வந்தால் வாசல் பக்கம் உயர்ந்தது. எஞ்சின் ஓடும்போது தரையில் மெல்லிய அதிர்வு இருக்கும். தூண்டில் போட்டு மெதுவாக இழுத்துப்போகும்போது அது பூனை உறுமுவது போலக் குறையும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இவ்வளவையும் அவளே கண்டுபிடித்தாள். கணவர் எப்போது திரும்பத் தொடங்குகிறார் என்று தெரிந்ததால் சோறு என்றைக்கும் ஆறிப்போனதில்லை. நல்ல மனைவி கிடைத்ததாக அவர் துறைமுகத்தில் சொல்லிக்கொண்டார்.

கீழ்த்தெரு எஞ்சின் மெக்கானிக்கை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் பேன்ட்டைக் குட்டையாக்கக் கொண்டுவந்த அவன், யாரும் தடுப்பதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டான். வந்தவன் படகில் நிற்பது போலக் காலை அகட்டி நின்று, குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தான்.

"எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுத்து" என்றான். "அண்ணன் நல்ல வேகத்துல போறார்க்கா. இடது எஞ்சின்ல ஒரு பிளக் மாத்தணும்." பிறகு பேன்ட்டை எத்தனை அங்குலம் மடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனான்.

இரண்டாம் வருடம், நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று பலமாக வீசிய ஒரு நாள், கணவரும் அவருடைய தம்பியும் வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மற்றப் படகுகள் எட்டு மைலிலேயே திரும்பிவிட்டன. இவர்களுக்கு ஆபத்து உறைக்கவில்லை. அலை உயர்வது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு நம்பாததைக் கண் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பதினொன்றரைக்கு வீடு வாசல் பக்கமாக நிமிர்ந்தது. திரும்புகிறார்கள் என்று தையல்காரி தெரிந்துகொண்டாள். ஆனால் அதிர்வு வேறு மாதிரி இருந்தது. எஞ்சின் மூச்சுத் திணறி ஏறுவதும் வீடு தொப்பென்று விழுவதுமாக இருந்தது. கட்டியிருந்த கயிறு அறுந்து பாத்திரமெல்லாம் தரையில் ஓடின. அவள் நட்டுவுக்குப் போன் செய்தாள். அவன் வந்து தரையில் கை வைத்தான்.

"அலைக்கு மேல ஏற முடியாம, தண்ணியை உழுதுக்கிட்டு வராங்க. பதினோரு மைல் வேகம்கூட இருக்காது. பெட்ரோலை மட்டும் முழு வேகத்துக்குக் குடிக்கும்."

"வந்து சேருமா?"

அவன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அதிர்வு நின்றது. வீடு மெதுவாகத் திரும்பியது போல இருந்தது. அலை இப்போது பக்கச் சுவரிலிருந்து வந்தது. கட்டில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய் இடித்தது. எஞ்சின் நின்று, படகு குறுக்கே கிடக்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. தையல்காரி மணியைப் பார்த்தாள்.

"பதினொன்றரைக்குத் திரும்பினாங்க. இப்ப மூணு பத்து. நீ சொன்ன வேகத்துக்கு, வழக்கமா போற ஐம்பத்தஞ்சுல நாற்பது மைல் வந்திருப்பாங்க. பாக்கி பதினஞ்சு. காத்து வெளிப்பக்கம் தள்ளுது, நீ போறதுக்குள்ள இன்னும் மூணு மைல் தள்ளியிருக்கும். போற வழியிலயே நேரா போ."

நட்டு கேன்களில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பெரிய படகு ஒன்றில் இரண்டு பேருடன் போனான். பதினெட்டாவது மைலில், ஆள் உயர அலைகளுக்கு நடுவே, அந்தப் படகு குறுக்காகக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் உள்ளே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கையிலிருந்த வயர்லெஸ் எட்டு மைலுக்கு மேல் எட்டாது என்பது ஒன்றுதான் அவர்களுடைய கவலை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டபோது, "அக்கா வீட்டுத் தரை சொல்லுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு நட்டு டேங்க் மூடியைத் திறந்தான்.

கணவர் வீட்டில் உடைந்த பாத்திரங்களைப் பார்த்தார், சுவரில் கட்டில் இடித்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்துகொண்டு, மனைவியை நட்டுவோடு படகில் அனுப்பினார்.

தையல்காரி துறைமுகத்தைத் தாண்டும்போது கண்ணை மூடி, கையில் பிளாஸ்டிக் பையை வைத்திருந்தாள். ஒன்றும் நடக்காததால் கண்ணைத் திறந்தாள். இடுப்பளவு அலைகள் படகுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன, கதவு தட்டாமல் வந்துபோகும் உறவுக்காரர்கள் மாதிரி. சமையலறைப் பக்கமாக வந்தது இதுதானா என்று ஒவ்வோர் அலையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு எஞ்சின் கைப்பிடியைக் காட்டி, "இதைத் தள்ளினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். தள்ளிப் பாருங்க என்றான் நட்டு. முந்நூறு குதிரைத்திறனையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள். மூக்குக்கண்ணாடி காற்றில் பறந்து கடலில் விழுந்தது. அவள் குறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கணவர் மெஷின் காலைக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாளி இருந்தது.

"தினமும் இப்படியா?"

"இன்னைக்குக் காத்து கம்மிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு படகு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பெட்ரோல் டேங்க் தீர்மானிக்கவில்லை. வயர்லெஸ் எட்டும் எட்டாவது மைலில் நின்று அவர் கேட்பார். அவள் தரையில் நின்று யோசித்துவிட்டு, முப்பது என்றோ ஐம்பது என்றோ வந்துடுங்க என்றோ சொல்வாள். வாரத்தில் ஒரு நாள் அவள் கடலுக்குப் போனாள், அவர் வீட்டில் இருந்து வாந்தி எடுத்தார். மற்றப் படகுக்காரர்களும் காலையில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தார்கள்.

நான்காம் வருடம் மகள் பிறந்தாள். தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அந்த வீட்டில்தான். பள்ளியில் சேர்த்த முதல் நாள், சமமான மைதானத்தில் மூன்று முறை விழுந்தாள். டீச்சர் தாயைக் கூப்பிட்டு, காலில் ஏதாவது குறையா என்று கேட்டார்.

"இல்லைங்க டீச்சர். இங்க தரை ஆடலை. அவளுக்கு இது புதுசு, பழகிடுவா."

டீச்சர் அந்தத் துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சரி என்று தலையாட்டிவிட்டு, பிடித்துக்கொள்ள வசதியாகச் சுவரோரமாக ஓர் இடம் ஒதுக்கினார்.