சிறுத்தைக்கு முன்னால் ஓர் ‘அட்’

துப்பாக்கி லைசென்ஸ் மனுவில், தம் தகப்பனார் நாகமலையில் சிறுத்தை சுட்ட பெருமையையும் சேர்க்கச் சொன்னார் காசிமாயத் தேவர். மனு எழுதும் கனி ராவுத்தர் இங்கிலீஷில் ‘ஷாட் அட் எ லெப்பர்ட்’ என்று எழுதி வாசித்தார்.

“நடுவுல என்னய்யா ‘அட்’?”

“அட் இருந்தா, சிறுத்தையைப் பாத்துச் சுட்டாரு, பட்டுச்சோ படலையோ. இல்லாட்டி, குண்டு பட்டுருச்சுன்னு அர்த்தம் தேவரே.”

“அப்ப அடியும் அதை! எங்க வம்சத்துக்கும் சிறுத்தைக்கும் குறுக்க அது எதுக்கு?”

ராவுத்தர் அடித்தார். “தோலைக் கொண்டான்னு கலெக்டர் தொரை கேப்பாரு.”

தேவர் மீசையைத் தடவினார். தோல், சிறுத்தையோடு மலையேறி ஓடி நாற்பது வருஷமாகிறது.

“சரி, ‘அட்’டைப் போட்டுக்கிரும். ஆனா கொட்டை எழுத்துல போடும். எங்கப்பாருக்கு எதுவும் சின்னதா இருக்கப்படாது.”