வேலிக்கு மேலால் வந்த கறி

"நஸ்லா... புள்ள நஸ்லா, அந்தக் கறியத் திண்டுட்டியா?"

குரல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. நஸ்லா கையைத் துடைத்துக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா காலில் செருப்பில்லாமல் நின்றாள். சீலைத் தலைப்பு மண்ணில் இழுபட்டுக் கிடந்தது.

"என்னக்கா? என்ன நடந்த?"

"திண்டியா இல்லையா, அத முதல்ல சொல்லு."

"இல்லக்கா. இன்னும் தின்னல்ல."

"உன்ட மகள் ஸில்மியா?"

"அவ ஸ்கூல் உட்டு இன்னும் வரல்ல."

சுந்தரம்மா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "கொண்டுபோய்க் குழி தோண்டித் தாட்டுடு. நாய்க்கும் வைக்காத, கோழிக்கும் வைக்காத. அதுக்குள்ள பேத்தை கிடந்திரிக்கி."

கல்முனைக் கரையில் பேத்தை மீனுக்குப் பயப்படாத வீடு இல்லை. ஈரலிலும் சினையிலும் நஞ்சு. வெட்டத் தெரிந்தவர்கள் வெட்டித் தின்பார்கள். அவர்களிலும் சிலர் ஒரு நாளைக்குத் தப்பவிடுவார்கள்.

"கரைவலையில இவருக்குக் குடுத்த பங்கு. ஆரோ தோலுரிச்சுத் துண்டு போட்டுக் குடுத்த. கிளாத்தி மீன் எண்டுதான் நானும் ஆக்கின. தோல் போனா எல்லாம் வெள்ளைத் துண்டுதானே, ஆருக்குத் தெரியும்? திண்டு கொஞ்ச நேரத்தில சொண்டு விறைக்கிது எண்டார். பிறகு நாக்கு. பிறகு கால ஊண்ட ஏலாமப் போயிட்டு. இப்பத்தான் மகன் தினுஜன் ஓட்டோவில ஏத்திக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போறான்."

"நீங்க திண்டயா?"

"நான் இன்னும் வாயில வைக்கல்ல."

"அப்ப நீங்க ஏன் அவரோட போகல்ல?"

"உனக்குச் சொல்லாம எப்பிடிப் புள்ள போற?"

கறி அவளுடைய குசினியில் இருக்கவில்லை.

மருதமுனையிலிருந்து இந்த ஒழுங்கைக்கு அவள் குடிவந்த கிழமையே சுந்தரம்மா வேலிக்கு மேலால் கொழுக்கட்டை நீட்டினாள். அன்று அந்த வீட்டில் மணிச்சத்தம் கேட்டிருந்தது. சாமிக்குப் படைத்ததோ, படைக்காததோ? கேட்கவும் வெட்கம், தின்னவும் பயம். பிறகு வந்தது பிட்டு, பிறகு மீன்கறி. மீனில் என்ன பிழை என்று அவளுக்கே தெரியாது; என்றாலும் அந்தப் பயம் ஏனத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனத்தைக் கழுவி, தான் ஆக்கிய எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். "கறி எப்பிடி புள்ள?" "நல்ல ருசி அக்கா." அவள் அனுப்பும் வட்டிலப்பத்தைச் சுந்தரம்மா வேலியடியிலேயே நின்று விரலால் வழித்துத் தின்பாள்.

வந்த கறியெல்லாம் பின் ஒழுங்கையில் தனியாக இருக்கும் றுகையா மாமிக்குப் போனது. நஸ்லா ஆக்கிய கறியாகப் போனது.

இன்றும் போயிருந்தது.

"என்ன புள்ள முழிக்கிற?"

"அக்கா, கறி றுகையா மாமிட்ட."

"அவகிட்ட ஏன்?"

நஸ்லா படலையைத் திறந்துகொண்டு ஓடினாள். பின்னால் சுந்தரம்மாவும் ஓடிவருவது கேட்டது. ஒழுங்கை முனையில் நின்ற பெண் ஒருத்தி, "என்னகா, எங்க ஓடுறயள்?" என்று கேட்டாள். இருவரும் நிற்கவில்லை. யா அல்லாஹ், அவ இன்னும் சோறு ஆக்கியிருக்கக் கூடாது. யா அல்லாஹ், அவ நித்திரையாக இருக்கணும். யா அல்லாஹ், பூனை தட்டிவிட்டிருக்கணும்.

றுகையா மாமி கதவடியில் குந்தியிருந்து பீங்கானைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாகா நஸ்லா. இண்டைக்கு உன்ட கறி ஒரு சாதி ருசி, மிச்சம் வைக்க மனம் வரல்ல. ஆர் இது, சுந்தரமா? வா தங்கச்சி, இரி."

"மாமி, எவ்வளவு திண்டயள்?"

"என்ன கேள்வி இது? தந்துபோட்டுக் கணக்குக் கேக்கிறயா?"

சுந்தரம்மா நஸ்லாவைப் பார்த்தாள். 'உன்ட கறி' என்ற சொல் அவளிடம் போய்ச் சேர்ந்ததை நஸ்லா கண்டாள். சுந்தரம்மா குனிந்து றுகையா மாமியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அக்கா, சொண்டு விறைக்கிதா? உண்மையச் சொல்லுங்க."

றுகையா மாமி சொண்டை நாக்கால் தடவிப் பார்த்தாள். அதுவரை விளையாட்டாக இருந்த முகம் மெல்ல மாறியது.

"உறைப்பு எண்டெல்லோ நான் நினைச்ச."

ஒழுங்கை முனையில் பிடித்த ஓட்டோவில் மாமி நடுவில் இருந்தாள். வலக்கையை விரித்து விரித்து மூடினாள். "விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கி" என்றாள். கொஞ்சம் போக, "நஸ்லா, நீ பேத்தை ஆக்குவியா?" என்றாள்.

"மாமி... அது நான் ஆக்கினதில்ல. சுந்தரக்கா தந்த."

"இண்டைக்கா?"

நஸ்லா வெளியே பார்த்தாள். வெயில் முகத்தில் அடித்தது. "எல்லா நாளும்."

ஓட்டோ பெரிய ரோட்டில் ஏறியது. றுகையா மாமி கதைத்தாள், சொல் குழறியது.

"அதானே பார்த்த. உன்ட வீட்டுப் பிட்டுக் கல்லுமாதிரி இரிக்கும், கறி மட்டும் எப்பிடி இப்பிடி எண்டு."

சுந்தரம்மா மாமியின் விரல்களைத் தேய்த்துவிட்டபடியே இருந்தாள்.

ஆசுபத்திரியில் மாமியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். "என்ன சாப்பிட்டவங்க? ஆர் சமைச்சது?" என்று டொக்டர் கேட்டார். நஸ்லா வாய் திறக்குமுன், "நான்தான் ஐயா ஆக்கின. கொஞ்சம் முந்தி வந்த தங்கத்துரை எண்டவரும் இதத்தான் திண்ட. அவர் என்ட புருஷன்" என்றாள் சுந்தரம்மா. கதவு மூடிக்கொண்டது. தினுஜன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

இருவரும் கதவுக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் இருந்தார்கள். ஸில்மியாவை மதறசாவுக்குக் கூட்டிப்போகும் றுக்ஸானாவுக்குக் கோல் எடுத்து, பிள்ளையை அவளுடைய வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னாள் நஸ்லா. கறியை அனுப்பாமல் வைத்திருந்து, பிள்ளை பசியோடு வந்து மூடியைத் திறந்திருந்தால்? அந்த நினைப்பில் ஃபோனைக் கைதவறிக் கீழே விட்டாள். சுந்தரம்மா அதை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு நாளாவது திண்டயா புள்ள?"

"இல்லக்கா."

"ஏன்?"

"படைச்சதா இரிக்கும் எண்டு முதல்ல பயம். பிறகு... பிறகு என்ன பயமெண்டு எனக்கே தெரியா."

"கேட்டிருக்கலாமே. படைச்சத ஒதுக்கி வச்சுப்போட்டு மத்தத்தானே உனக்குத் தாறன். உன்ட வீட்டில முந்திக் குடியிருந்த அஸீஸாக்கும் அப்பிடித்தான் குடுத்த."

நஸ்லா சுந்தரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கோபமா அக்கா?"

"கோபம்தான்." சுந்தரம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "ஆனா கோபப்படவும் ஏலாம இரிக்கி. நீ என்ன நம்பியிருந்தா இப்ப உன்ட புள்ளயெல்லோ உள்ளுக்குக் கிடக்கும். எனக்கு அதத்தான் தாங்கேலாம இரிக்கி."

நஸ்லா பயப்பட்டது சரியாகிப் போயிற்று. அதனாலேயே ஒன்றுமறியாத ஒரு மனுசி நஞ்சைத் தின்றிருக்கிறாள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

உள்ளே ஏதோ யந்திரம் விட்டு விட்டுக் கூவியது. ஒவ்வொரு தரம் அது நிற்கும்போதும் இருவரும் தலையை நிமிர்த்தினார்கள்.

கதவு திறந்து ஒரு நேர்ஸ் வந்தாள். "றுகையா எண்டவங்க மூச்சு நல்லா எடுக்கிறாங்க. விடியும் வரைக்கும் பார்க்கணும்." கடதாசியைப் புரட்டினாள். "தங்கத்துரையோட ஆக்கள் ஆரு? டொக்டர் கதைக்கணுமாம்."

சுந்தரம்மா எழும்பப் பார்த்தாள். திரும்பவும் வாங்கிலேயே இருந்துவிட்டாள். "எனக்கு ஏலா புள்ள. என்ன சொல்லப் போறாங்களோ, எனக்குக் கேக்க ஏலா."

"ஆரும் வரல்லயா?" என்றாள் நேர்ஸ்.

நஸ்லா எழும்பினாள்.

"நாங்கதான்" என்று சொல்லிக்கொண்டு, சுந்தரம்மாவின் கக்கத்தில் கைகொடுத்து அவளைத் தூக்கினாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி அந்தக் கதவுக்குள் போனார்கள்.