தரையில் விழுந்த செப்பு டாலர்

பர்டெட்டின் வாயை யாராவது தைத்தால் தேவலை. ஆலன்டவுன் நாணயச் சங்கத்தில் எனக்கும் அவனுக்கும் என்றைக்கும் ஆகாது. போன வாரக் கூட்டத்தில் என் செப்பு டாலரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். எழுத்து மழுங்கலாக இருக்கிறது, இரண்டு செப்புத் தகட்டுக்கு நடுவே ஈயம் ஊற்றிச் செய்த நகலாக இருக்கும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

அது 1871இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக அடித்த மாதிரி டாலர். அவர்களுக்குப் பிடிக்காததால் புழக்கத்துக்கு வரவே இல்லை. எனக்குத் தெரிந்து என்னுடையதைத் தவிர இன்னும் இரண்டுதான் மிச்சம். கல்யாணமான வருடம், தேனிலவுக்கு நயாகரா அருவி பார்க்கப் போகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கினேன். என் மனைவி லியோனா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு சொல்லாத நாளில்லை.

நகல் என்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? விளிம்பில் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும். ஆனால் வாங்கிய நாள் முதல் அது திருகு போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, விளிம்பு தெரியாது. திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. காலையில் அவள் வறுத்து வைத்த ஸ்க்ராப்பிள் இறைச்சித் துண்டைக்கூடத் தொடாமல் எழுந்தேன். என்னவென்று பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். உடனே போய்த் திருப்புளியை எடுத்து வந்தாள்.

“வேணாம் லியோனா, பயமா இருக்கு.”

“பயமா இருந்தா கண்ண மூடிக்கோ. என் நயாகரா உள்ள இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்.”

கடைசித் திருகும் கழன்றது. வெறுங்கையால் தொட்டுவிடப் போகிறாளே என்று பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். நாணயம் நழுவிச் சமையலறைத் தரையில் விழுந்தது.

எங்கள் சங்கத்தில் நாணயத்தைக் கீழே போட்டவனுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அது விழுந்த சத்தம் கணீரென்று கேட்டது. உள்ளே ஈயம் இருந்திருந்தால் தொப்பென்றுதான் விழுந்திருக்கும். மண்டியிட்டு எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஒட்டு இல்லை, புதிதாக ஒரு நசுங்கல்தான் இருந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“பாழாப் போச்சா?” என்றாள்.

“போகட்டும். அசல்.”

அவள் அதை வாங்கி, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நான் தடுக்கவில்லை.

“இது அசல்தான்னு தெரிஞ்சுபோச்சுல்ல,” என்றாள். “அந்த அசலையும் ஒரு தடவ காட்டு.”

அன்று மத்தியானமே நயாகராவில் அறை பதிவு செய்தேன்.