ஃப்ரிட்ஜின் ஏழாவது காரணம்

மழைக்கு விரியும், வெயிலுக்கு மடங்கும், உள்ளே தயிர் இருக்கும். அது என்ன? விடை தெரியாதவர்கள் அவசரப்பட வேண்டாம். அன்று மாலை நாலரை மணி வரை ஜெசிந்தாவுக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தா, கடைகளின் இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிப் பிழைப்பவள். எந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறாளோ, அந்தப் பொருளே படியேறி வந்து, கட்டுரையைக் கேட்டுச் சம்மதம் சொல்லும். போன வாரம் குடை வந்தது. அன்று ஃப்ரிட்ஜ் வந்தது. ஏறிய களைப்பில் கொஞ்சம் உறுமியது. விருந்தாளி ஆயிற்றே என்று ஜெசிந்தா ஒரு கிண்ணம் தயிரை அதனுள் வைத்தாள். ஐந்து மணிக்குள் அது சம்மதிக்காவிட்டால் அந்தக் கடையின் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

'வாங்குவதற்கு ஏழு காரணங்கள்' என்று ஜெசிந்தா படிக்கத் தொடங்கினாள். ஆறு காரணங்களுக்கும் ஃப்ரிட்ஜ் கதவை ஆட்டியது. ஏழாவதைப் படித்தபோதுதான், குடைக் கட்டுரையை மாதிரியாக வைத்து எழுதியதில் பழைய வரி ஒன்று அப்படியே தங்கிவிட்டது தெரிந்தது: "மழைக்கு விரித்துப் பிடிக்கலாம், மடக்கிப் பையில் வைக்கலாம்."

"மன்னிச்சிருங்க, அதை எடுத்திருதேன்" என்றாள்.

"எடுத்துராதீங்க அக்கா" என்றது ஃப்ரிட்ஜ். "என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா எழுதுனதில்ல. அது இருந்தாத்தான் சம்மதம்."

செய்தி எப்படிப் போனதோ, குடையும் படியேறி வந்துவிட்டது.

"அது என் வரி. தொண்ணூறு கிலோவ வச்சிக்கிட்டு இவரு மடங்கப் போறாராம்ல!"

ஃப்ரிட்ஜ் நடுவில் ஒருமுறை மடங்கியது. பிறகு இன்னொருமுறை மடங்கியது. தயிர் கவிழவில்லை.

"இங்க மடங்கி என்னத்துக்கு? மழையில பாப்போம்" என்றது குடை.

வெளியே நல்ல மழை. மணி நாலு ஐம்பது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஜெசிந்தாவின் மகள் மெர்லின் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பிடித்துக்கொண்டு போகிறாளோ அதற்கே அந்த வரி என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"ஏட்டி, சீக்கிரம் சொல்லு. எது வேணும்?"

மெர்லின் இரண்டையும் பார்த்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தாள். பிறகு ஃப்ரிட்ஜை விரித்துப் பிடித்துக்கொண்டு டியூஷனுக்குப் போனாள்.