மேலே ஒரு நாற்காலி

ஆம்புலன்ஸ் திரும்ப இடம் வேண்டுமே என்று ஷியாமளா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சைரன் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் சுழன்றது. மலையுச்சியில் சாலை முடிகிற அந்த மைதானத்தில் வண்டி ஒரு வட்டமடித்து, வந்த வழியே இறங்கிப் போயிற்று. யாருக்கு என்ன ஆயிற்றோ, முருகா காப்பாற்று என்று முணுமுணுத்தாள். பிறகு நாற்காலியை மறுபடி விரித்து, வளைவைப் பார்க்கிற மாதிரி போட்டாள். காற்றில் அது சாயாமல் இருக்க, மேலே மோர் பாட்டிலை வைத்தாள்.

நாற்காலியும் மோரும் அவள் கணவர் கௌரிசங்கருக்கு. ஐம்பதைத் தாண்டினால் சில ஆண்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் தலைக்குச் சாயம் பூசுவார்கள், இவர் சைக்கிள் வாங்கினார். துபாயில் ஏசி அறையே கதி என்று கிடந்த மனுஷர், உடம்போடு ஒட்டிய சட்டையில் தொப்பையைத் திணித்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவதைப் பார்த்து, "எந்த சர்க்கஸ்ல சேரப் போறீங்க?" என்று சிரித்திருக்கிறாள். ஆனால் இந்த ராஸ் அல் கைமா மலை அவரைச் சிரிக்க விடவில்லை. போன குளிர்காலத்தில் இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மூச்சு வாங்கி, யாரோ ஒருவருடைய காரில் இறங்கி வந்தார்.

இன்று காலை அவரே கேட்டார். "கீழ நின்னு டாட்டா காட்ட வேண்டாம் ஷியாமு. நீ கார்ல முன்னாடி போய் மேல இரு. நீ நிக்கறேன்னு தெரிஞ்சா ஏறிடுவேன்."

"மேல என்ன இருக்கு? கல்லும் காத்தும்."

"ஒரு நாற்காலி போட்டு வை. வந்ததும் மகாராஜா மாதிரி உக்காரணும்."

தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தவள், வளைவில் ஒவ்வொரு ஹெல்மெட் தெரியும்போதும் எழுந்து நின்றாள். ஒரு வெள்ளைக்காரர் வந்தார், இரண்டு பிலிப்பினோப் பையன்கள் வந்தார்கள், பொம்மை மாதிரி ஒரு பெண்கூட வந்துவிட்டாள். இவரைக் காணோம். அலுவலகம் விட்டு வருகிறவருக்காக அவள் இப்படி வழி பார்த்ததில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டதும் பால் வைப்பாள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தாளே, அது மாதிரி இருந்தது இது. இந்த வயதில் இது என்ன என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் வந்தது ஒரு பிக்கப் வண்டி. அதிலிருந்து குதித்தவன் ஸ்ரீகாந்த், கௌரிசங்கரோடு வேலை செய்கிறவன், கூடவே சைக்கிளில் கிளம்பியவன்.

"அக்கா, போன் எங்க? எத்தனை தடவை அடிக்கிறது!"

"கார்ல சார்ஜ்ல கிடக்கு. சார் எங்கப்பா?"

"கடைசி வளைவுக்கு முன்னாடி விழுந்துட்டாராம். நான் ரொம்பப் பின்னாடி இருந்தேன். வந்து பாத்தா சைக்கிள் மட்டும் சாய்ச்சு வெச்சிருந்தாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சுன்னு போலீஸ்காரர் சொன்னார்."

"எந்த ஆம்புலன்ஸ்?"

ஸ்ரீகாந்த் ஹெல்மெட்டைக் கழற்றினான். "என்னைத் தாண்டித்தான் இறங்குச்சு. நானும் ஒதுங்கி வழி விட்டேன்க்கா."

அவளுடைய காரை அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் நெஞ்சில் கை வைத்து, வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரைக்குப் பின்னால் கௌரிசங்கரின் நெற்றியில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவர் முகத்தில், இன்னும் கொஞ்சம்தான் என்கிற மாதிரி ஒரு முனைப்பு தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெளியே, ஆம்புலன்ஸில் வந்த மலையாளி நர்ஸ் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தான். நேராக அவனிடம் போனாள்.

"தம்பி, கீழ போக வேண்டிய வண்டி, ஏன் மேல வந்துச்சு?"

"அவிடத்துல திருப்ப ஸ்தலமில்ல சேச்சி. மேல போயித்தான் திருப்பணும்."

"மேல திரும்பறப்ப அவருக்கு உயிர் இருந்துதா?"

அவன் ஸ்ரீகாந்தைப் பார்த்தான், பிறகு அவளை. "உண்டு சேச்சி. மேல வரும்போ பல்ஸ் உண்டு," என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றத் தொடங்கினான்.

ஷியாமளா அங்கேயே நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கனடாவில் படிக்கிற மகள் ஹர்ஷினி போனில் வந்தபோதும் அழுகை நிற்கவில்லை. இருவரும் அழுது ஓய்ந்த பிறகு ஹர்ஷினி கேட்டாள், "அம்மா, அப்பா டாப் வரைக்கும் போனாரா?"

"வந்தார்டி," என்றாள் ஷியாமளா. "நான் அங்கதான் நின்னேன்."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை, ஹெல்மெட்டும் ஷூவும் உள்ள பையை, ஸ்ரீகாந்த் கார் டிக்கியில் வைத்தான். இடம் காலியாக இருந்தது.

"நாற்காலி எங்கக்கா?"

"மேலயே விட்டுட்டோம்."

"நாளைக்குப் போய் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும்," என்றாள். "அவரோட மோரும் அதுமேலதான் இருக்கு."